சத்தமில்லாத பேருந்தும் ஒரு தலையணை உறையும்

அனுப்புநர்:
விரிப்பு மடிக்கும் பெண்,
சலவைக்கூடம்,
மருத்துவமனைப் பின்தெரு.

பெறுநர்:
வழித்தட மேலாளர் அவர்கள்,
நகரப் போக்குவரத்து அலுவலகம்.

பொருள்: எங்கள் தெருவுக்கு வரும் மின்சாரப் பேருந்தை மாற்ற வேண்டாம் எனவும், அதற்கு ஒரு மணி பொருத்தித் தருமாறும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் நிறுத்தத்தில் ஏற ஆளில்லாததால் மின்சாரப் பேருந்து வேறு தடத்துக்குப் போகும், பழைய டீசல் பேருந்தே இங்கு மீண்டும் ஓடும் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள். ஏற ஆள் இருக்கிறோம் ஐயா. வண்டி வந்தது தெரியாமல்தான் ஏறாமல் இருந்தோம். நேரில் வந்து சொல்ல எனக்குக் கூச்சம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டாலும் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

1. நாங்கள் மருத்துவமனை விரிப்புகளைத் துவைத்து மொட்டைமாடியில் உலர்த்துகிறோம். டீசல் பேருந்து திரும்பும்போது விடும் புகை நேராக மாடிக்கு வரும். தெருப்பக்கக் கயிற்றில் காய்ந்ததை எல்லாம் மறுபடி தொட்டியில் போடுவோம். "பஸ்ஸு பல்லு விளக்காம வந்து மூச்சு விட்டுட்டுப் போகுது" என்பார் இஸ்திரி போடும் என் சித்தி. மின்சாரப் பேருந்து வந்த பிறகு ஒருமுறை துவைத்தால் போதும். தண்ணீரும் சோப்பும் மிச்சம். சித்திக்கு இருமல் குறைந்துவிட்டது; வாய் மட்டும் குறையவில்லை.

2. இனி எங்கள் குறை. பழைய பேருந்து தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும். இஸ்திரியை அணைத்து, கை துடைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் சரியாக இருக்கும். புதிய பேருந்து பூனை மாதிரி வருகிறது, பூனை மாதிரி போகிறது. மருத்துவமனை என்பதால் ஹார்ன் அடிக்கத் தடை. உள்ளே சலவை இயந்திரம் ஓடும்போது எங்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. அந்தப் பேருந்தை விட்டால் வீட்டுக்கு நடைதான்.

3. பயணிகளை எண்ணத் தங்கள் அலுவலர் வந்த அன்றும் இதுவே நடந்தது. நாங்கள் ஓடி வந்து பார்த்தால் நிறுத்தத்தில் அவர் மட்டும் நிற்கிறார். "வந்துச்சுன்னு ஒரு குரல் கொடுக்கக்கூடாதா சார்?" என்று சித்தி கேட்டார். "நான் எண்ணத்தாம்மா வந்தேன், கூப்பிட வரல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர்மேல் புகார் இல்லை. அவர் சொன்னது சரிதான்.

4. அதன்பின் என்னை மாடியில் காவல் நிறுத்தினார்கள். எனக்குக் கத்த வராது. அதனால் பேருந்து தெரிந்ததும் கீழ் ஜன்னலில் தெரியும்படி ஒரு தலையணை உறையைத் தொங்கவிட்டு ஆட்டுவேன். அதைப் பார்த்துக் கீழே இருக்கும் எல்லாரும் ஓடிப்போய் ஏறிவிடுவார்கள். நான் படியிறங்கி வருவதற்குள் வண்டி போய்விடும். இதைக் கவனித்த ஓட்டுநர் அண்ணன் இப்போது எனக்காக நிறுத்தி வைக்கிறார். "சிக்னல் ஏறட்டும், அப்புறம் எடுக்கறேன்" என்கிறார். நான் ஏறியதும் மொத்தப் பேருந்தும் திரும்பிப் பார்க்கிறது. பேருந்தில் சத்தமே இல்லாததால் என் செருப்புச் சத்தம்கூடக் கடைசி இருக்கைவரை கேட்கிறது. அவர் நல்லவர், எனவே இதுவும் புகார் இல்லை. ஆனால் தினமும் இப்படி ஏறுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆகவே, மின்சாரப் பேருந்தை எங்களிடமே விட்டு, தெருமுனையில் அடிக்க ஒரு சின்ன மணி மட்டும் பொருத்தித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். நோயாளிகளுக்குத் தொந்தரவாகுமா என்று செவிலியர் அக்காவிடம் கேட்டோம். "உங்க சித்தி பேசறதைவிட மெதுவாத்தானே இருக்கும், அடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

மணி வந்தால் எல்லாரோடும் சேர்ந்து நானும் யாரும் பார்க்காமல் ஏறி ஜன்னலோரம் உட்காருவேன். அதுவரை மாடியில்தான் நிற்பேன். மறுபடி எண்ண ஆள் அனுப்பினால், அவரைக் கொஞ்சம் மேலேயும் பார்க்கச் சொல்லுங்கள். நான் ஆட்டும் உறை வெள்ளையாகவே இருக்கும். அது தங்கள் பேருந்தின் புண்ணியம்.

இடம்: சலவைக்கூடத்து மாடி
நாள்: நோட்டீஸ் ஒட்டிய வாரம், வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
பணிவுடன்,
விரிப்பு மடிக்கும் பெண்
(ஓட்டுநர் அண்ணனிடம் "சிக்னல்" என்று விசாரித்தால் தெரியும்)