நீயும் ஆமென் சொன்னாய்

நாளை சபையில் அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறு. அடுப்பில் பன்னீர் திராட்சை கொதிக்கிறது. நூம்பல் வீடு முழுக்க அந்த வாசனைதான். கரையான்சாவடி கடைத்தெருவில் வாங்கிய பழம், ஒரே புளிப்பு. நீ இருந்திருந்தால் கடைக்காரரை ஒரு பிடி பிடித்திருப்பாய்.

பத்து வருடம் நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் சபைக்குத் திராட்சை ரசம் காய்ச்சினோம். நான் பழத்தை மசிப்பேன், நீ துணியில் வடிகட்டுவாய். கதை பேசாமல் ஒரு சொட்டும் இறங்கியதில்லை. அப்படி வடிகட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமைதான் சொன்னாய், மூன்றாவது தங்கியிருக்கிறது, நாலு மாதம் என்று. உன் இதயத்தில் வால்வு சரியில்லை, பிரசவம் வரை தாங்காது, கலைத்துவிடுவதுதான் நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"பாவம்டி அது. கர்த்தர் பாத்துக்குவாரு, வுடு" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்! தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

"ஊட்ல ரெண்டு கொயந்த கீது. நான் பூட்டா அதுங்கள யாருடி பாத்துக்குவா? எனுக்கு மட்டும் ஆசையா இன்னா?" என்று கேட்டாய். அழவில்லை. கை மட்டும் துணியை முறுக்கிக்கொண்டே இருந்தது.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. கருவில் இருப்பதும் கடவுள் தந்த உயிர் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். உன்னையும் காப்பாற்ற வேண்டும், அதையும் காப்பாற்ற வேண்டும். நமக்குத் தெரிந்த ஒரே வழி ஜெபக் குறிப்புதானே? உன் விஷயத்தை ஒரு சீட்டில் எழுதிச் சபையின் ஜெபப் பெட்டியில் போட்டேன். பெயர் போடவில்லை. அதுவே பெரிய நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் போதகரின் மனைவி சீட்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாக வாசித்தார். "இதய நோயுள்ள ஒரு சகோதரி கருவைக் கலைக்க இருக்கிறார். அவர் மனம் மாற ஜெபிப்போம்." அந்தக் கூடத்தில் இருபது பெண்கள். இதய நோய் யாருக்கு என்று தெரியாதவர் ஒருவரும் இல்லை. எல்லாரும் கண்ணை மூடுவதற்கு முன்னால் ஒருமுறை உன்னைப் பார்த்தார்கள். நீ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாய். ஜெபம் முடிந்ததும் எல்லாரோடும் சேர்ந்து நீயும் ஆமென் சொன்னாய்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாய். என்னிடம் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீயோ எப்போதும்போல ரசம் வடிகட்ட வந்தாய். ஆனால் அதை வாங்கத் திருவிருந்துப் பந்திக்கு எழுந்து போகவே இல்லை. ஆறு வருடம், ஒவ்வொரு திருவிருந்துக்கும் கடைசி வரிசையில் உட்கார்ந்தே இருந்தாய். போதகரே வீட்டுக்கு வந்து, "யாரும்மா உன்னைத் தடுத்தது? உயிரைக் காப்பாத்திக்கிட்டதை நான் பாவம்னு சொல்ல மாட்டேன்" என்று அழைத்துப் பார்த்தார். நான் ஒருநாள் கேட்டதற்கு, "நான் வந்து மண்டி போட்டா பக்கத்துல கீறவங்க நவுந்துடுவாங்களோன்னு பயமாகீதுடி" என்றாய்.

அந்த ஆறு வருடத்தில் உன் பெரியவள் பிளஸ் டூ முடித்தாள். சின்னவன் சைக்கிள் ஓட்டப் பழகினான். பிறகு அந்த வால்வு உன்னைப் படுக்கையில் தள்ளியது.

வார்டில் பார்வை நேரத்தில்தான் எனக்கு வாய் திறந்தது. "அந்தச் சீட்ட எழுதனது நான்தான்" என்றேன்.

"தெரியும். உன்கிட்ட மட்டுந்தானே சொல்லியிருந்தேன்" என்றாய். மூச்சு வாங்கியது. என் கையைப் பிடித்து, "கிட்ட வா. அதுக்கு ஒரு பேரு வெச்சிகீறேன். எங்க ஊட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது" என்று அந்தப் பெயரை என் காதில் சொன்னாய்.

மூன்றாம் நாள் நீ இல்லை.

நீ செய்தது பாவமா என்று கேட்டால் இன்றும் எனக்குப் பதில் தெரியாது. அது ஒரு உயிர் என்று அன்று நம்பினேன், இன்றும் நம்புகிறேன். நீயும் நம்பினாய், அதனால்தானே பெயர் வைத்தாய்? நான் செய்தது பாவம் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படிக் காட்டிக்கொடுத்தவளிடமே இன்னொரு ரகசியத்தையும் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறாயேடி. தினமும் உன் பெயரோடு அந்தப் பெயரையும் சேர்த்துத்தான் ஜெபிக்கிறேன், உதடு அசையாமல்.