எறும்பை நடத்திய அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

நேற்று மாலை பள்ளி முடிந்து கண்ணமங்கலத்தில் பேருந்துக்காக நின்றிருந்தேன். கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. மலையில் நம் பள்ளியில் படித்து, இப்போது பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் பெண் அனுப்பியிருந்தாள். "டீச்சர், நம்ம எறும்பு ஆட்டம் இணையத்துல கெடைக்குது. பழைய ஆட்டத்தையெல்லாம் யாரோ சேத்து வெச்சிருக்காங்க. தொறந்து பாருங்க." தொட்டேன். கறுப்புத் திரையில் பச்சைக் கட்டங்களாக அதே வயல், மூலையில் அதே புற்று. எறும்பு நடக்கும்போது எழும் 'டொக் டொக்' சத்தம் அப்படியே இருந்தது. என் பேருந்து வந்து போய்விட்டது. நான் ஏறவில்லை.

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. இந்தச் சத்தத்தை உங்களிடம் ஓடிவந்து காட்ட முடியாததால் எழுதுகிறேன்.

நெல்லிவாசல்நாட்டு விடுதிப் பள்ளிக்கு அந்தக் கணினி ஜீப்பில் வந்தது. ஏதோ அலுவலகத்தில் கழித்துவிட்ட கணினி. சாமை மூட்டைகளுக்கு நடுவே கோணியில் சுற்றி உட்காரவைத்திருந்தார்கள். அதற்குள் இருந்தது இந்த ஒரு ஆட்டம்தான். எறும்பு வயலில் கிடக்கும் தானியத்தையெல்லாம் பொறுக்கிக்கொண்டு புற்றுக்குப் போக வேண்டும். ஆனால் நடக்க நடக்க வழி சொல்ல முடியாது. முன்னே போ, வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு, இத்தனை முறை திரும்பச் செய் என்று எல்லாவற்றையும் முதலிலேயே வரிசையாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதுவதற்கோ சில கட்டங்கள்தான் உண்டு. அதற்குள் அடங்காவிட்டால் தோல்வி. மொத்தம் முப்பது வயல்.

நான் அப்போது இருபத்தாறு வயதுக் கணக்கு டீச்சர். பட்டம் வாங்கிய கர்வம் நிறைய இருந்தது. நீங்கள் அறுபது பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் சமைப்பவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பதினான்காவது வயலில் நான் மூன்று நாளாக மாட்டிக்கொண்டிருந்தபோது, டீ கொண்டுவந்த நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தீர்கள். ஆறு வரிசைத் தானியம். எறும்பு முதல் வரிசையைச் சரியாக முடித்துவிட்டு, இரண்டாவது வரிசையின் முடிவில் தவறான பக்கம் திரும்பி, வந்த வழியே போய்க்கொண்டிருந்தது.

"இன்னா டீச்சர் இது, முடிச்ச வரிசைக்கே திரும்பப் போவுது?"

ஒரு வரிசைக்கு வழி எழுதி, அதை ஆறு முறை செய்யச் சொல்லியிருப்பதாக விளக்கினேன். நீங்கள் கொஞ்ச நேரம் யோசித்தீர்கள்.

"நீங்க ஒரு வரிசைய ஒரு தபான்னு எண்றீங்க. போறப்ப வலது பக்கம் திரும்புனா, வர்றப்ப இடது பக்கம் தானே திரும்பணும்? போறதும் வர்றதும் சேந்தாத்தான் ஒரு தபா. அத மூணு தபா செய்யச் சொல்லுங்க."

மாற்றி எழுதினேன். எறும்பு ஆறு வரிசையையும் முடித்துப் புற்றுக்குள் போனது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "பந்தியில சாம்பார் ஊத்திக்கினு போறது அப்பிடித்தானே" என்று சொல்லிவிட்டுக் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

அன்றிலிருந்து மதியப் பாத்திரம் கழுவியதும் வந்துவிடுவீர்கள். ஈரக் கையாலேயே மேசைமேல் கோடு போட்டு வழி பார்ப்பீர்கள். எறும்பு பிசகினால் நான் கணினியைத் திட்டுவேன். நீங்கள் திட்டியதே இல்லை. "அது மேல இன்னா தப்பு? நான் சொன்னதத்தானே செஞ்சுது" என்று அழித்துவிட்டு மறுபடி எழுதுவீர்கள். மழைக்காலம் முடிவதற்குள் முப்பதையும் முடித்தீர்கள். நான் இருபத்தாறில் நின்றுவிட்டேன். கடைசியில் ஆட்டம் உங்கள் பெயரைக் கேட்டது. ஆங்கிலத்தில் எப்படி என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினீர்கள். பட்டியலில் உங்கள் பெயர் மேலே ஏறியது, என் பெயர் அதன் கீழே.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதாமல் இந்த மடலை முடிக்கக் கூடாது.

கணினியைச் சரியாகப் பயன்படுத்தாத பள்ளிகளிடமிருந்து அதை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு வந்து, ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். ஆட்டத்தைத் திறந்து பட்டியலைப் பார்த்தவர், "முப்பதையும் முடிச்சது யாரு?" என்று கேட்டார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். சமையலறை ஆட்கள் அந்த அறைக்குள் வரக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். நான் அதை உங்களிடம் சொல்லாமலே கதவைத் திறந்துவிட்டிருந்தேன்.

"எட்டாவது படிக்கிற பொண்ணு சார்" என்றேன்.

நீங்கள் டீத் தட்டோடு வாசலில் நின்றிருந்தீர்கள். உள்ளே வந்து, ஒவ்வொருவர் முன்னாலும் டம்ளரை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனீர்கள். கணினி பள்ளியிலேயே இருக்கலாம் என்று அதிகாரி எழுதிக் கொடுத்தார். எல்லோருக்கும் சந்தோஷம்.

நான்கு நாள் நீங்கள் வரவில்லை. ஐந்தாம் நாள் நானே சமையலறைக்கு வந்தேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

"அக்கா, வேலைக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயந்துதான்..."

"யார் வேலைக்கு?"

நீங்கள் முறத்தைக் கீழே வைத்தீர்கள்.

"என் வேலைக்குன்னா என்னை ஒரு வார்த்த கேட்டிருப்பீங்க. உங்க வேலைக்குத்தான் பயந்தீங்க. பயப்படறது தப்பில்ல டீச்சர். ஆனா அந்தப் பேர எழுத நான் எவ்ளோ நேரம் தேடினேன்னு உங்களுக்குத் தெரியும்."

அங்கிருந்து நேராகத் தலைமையாசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, "அறுபது பசங்களுக்கு இருக்கறது ஒரே கணினி. நீங்க ரெண்டு பேரே ஆடிக்கினு இருந்தா எப்டி? அந்தம்மாவ பசங்களுக்கும் சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க" என்றார்.

"பாடமெல்லாம் எடுக்க மாட்டேன், ஆட்டம்னா வர்றேன்" என்றீர்கள். அந்தச் சனிக்கிழமை சாப்பாட்டுக் கூடத்தின் தரை முழுக்கச் சாக்பீஸில் கட்டம் போட்டீர்கள். அங்கங்கே புளியங்கொட்டையை வைத்தீர்கள். ஒரு பிள்ளையைக் கண்ணைக் கட்டி எறும்பாக நிறுத்தினீர்கள். மற்றவர்கள் கூடிப் பேசி வழியைச் சீட்டில் எழுத, ஒருத்தி அதைப் படித்தாள். எறும்பு நேராகப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டது. கூடமே சிரித்தது.

"முட்டிக்கினது யார் தப்பு?" என்று கேட்டீர்கள்.

"எழுதுனவங்க தப்பு" என்றார்கள் பிள்ளைகள்.

முட்டிக்கொண்டவள்தான் இன்று பெங்களூரில் இருக்கிறாள்.

அடுத்த வருடம் நீங்கள் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுதித் தேறினீர்கள். எனக்கு மாற்றல் வந்தது. கணினி பழுதாகி மூலையில் கிடந்த பிறகும் சனிக்கிழமை ஆட்டம் நிற்கவில்லை என்று கேள்விப்பட்டுக்கொண்டே இருந்தேன். காய்ச்சலில் படுத்த நீங்கள் எழவில்லை என்ற தகவல் வந்தபோது நான் தேர்வுப் பணியில் இருந்தேன். மலைக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இத்தனை வருடத்தில் உங்களை எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் சொன்னதில்லை.

போன வாரம் இங்கே அறிவியல் கண்காட்சிக்குப் படிவம் நிரப்பினோம். தொட்டி நிரம்பினால் மணி அடிக்கும் கருவி ஒன்றைப் பிள்ளைகள் செய்திருந்தார்கள். செய்யும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் காவலாளி. 'வழிகாட்டியவர்' என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினேன். எழுத்தர் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இவரு வாட்ச்மேனாச்சே. உங்க பேரத்தானே போடணும்?" என்றார்.

"நான் சொல்லிக் குடுக்கல சார், அவருதான் சொல்லிக் குடுத்தாரு" என்றேன். எழுத்தர் தயங்கினார். மேலே யாராவது கேட்டால், பதில் சொல்ல என்னைக் கூப்பிடச் சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை, அக்கா.