தோகாவில் நான் பேசிய அந்நியபாஷை

அன்புள்ள எப்சிபாவுக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வெள்ளிக்கிழமை ஜெபத்தில் தூங்கிவிட்டேன். மற்றபடி கர்த்தர் கிருபையில் சுகம். உனக்குத் தையல் வலிக்கிறதா? தண்ணீர்க் குடத்தை உன் தம்பி தூக்கட்டும், மீசையை முறுக்கியது போதும்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் உன் கழுத்துக் கட்டியை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியதிலிருந்து எனக்கு உறக்கமே இல்லை. வெள்ளிக்கிழமை சபையில் போனை அணைத்துவிட்டு உனக்காக முழங்கால் போட்டேன். கண்ணை மூடியதும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு. நீ கூட்டத்தில் பின்தங்கி நிற்கிறாய்.

"எப்சி, ஜல்தி வா! மயிலம் பஸ் போய்க்கினு இருக்குது, என் கையப் புடி!" என்று கத்தியபடியே விழித்தேன்.

அந்தச் சபையில் தமிழன் நான் ஒருவன்தான். பிலிப்பைன்ஸ் பாஸ்டர், பிரதருக்குப் பரிசுத்த ஆவி அருளும் அந்நியபாஷை வரம் இறங்கிவிட்டது என்று என் தலையில் கை வைத்தார். எல்லோரும் அல்லேலூயா போட்டார்கள். நான் மறுக்கவில்லை. அதைவிட உண்மையாக நான் ஜெபித்ததே இல்லை.

இப்போது ஜெபிக்கச் சொல்லி அறைக்கே ஆள் வருகிறது. இங்கே வரும் பச்சைமுத்துவிடம் வறுத்த மல்லாக்கொட்டையும் உன் தலையணை உறை ஒன்றும் கொடுத்தனுப்பு. உறையைத் துவைக்காதே.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது.

உன்
ஞானசிகாமணி

பி.கு.: ஜெபம் முடிந்துதான் போனைத் திறந்தேன். 'சாதாக் கட்டிதானாம்' என்ற உன் செய்தி, நான் முழங்கால் போடுவதற்கு முன்பே வந்து கிடந்தது.