இருபது மரத்துக்கு ஒரு மரம்

1997 மார்ச் 20
பூத்துவிட்டது! நான் வேலை செய்யும் வீட்டு இத்தாலியச் சிஞ்ஞோராவின் இருபது செரி மரமும் வெள்ளையாகிவிட்டன. நட்டு நாலாவது வருசம், முதல் பூ. வீடு கூட்டுவதை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். இது முந்திப் பழுக்கிற இனம். மற்றவர்களின் செரி ஜூனில், எங்களுடையது மே நடுவில். கறுஞ்சிவப்பு, நல்ல சாறு, மெல்லிய தோல் — பழுக்கிற நேரம் மழை விழுந்தால் வெடித்துவிடும். கபோ சந்தைக்கு முதலில் வரும் செரிக்குச் சனம் அடிபடும்.

"இந்த முறை காய்க்காட்டிக் காணியை வித்துப்போட்டு மிலானோவுக்கு மகளிட்டைப் போயிடுவன்" என்கிறா சிஞ்ஞோரா. அவ போனால் எனக்கு வேலை இல்லை. வேலைக் கடிதம் இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருக்கிறதுக்கான பெர்மெசோ புதுப்பிக்க ஏலாது. காய்க்கும். காய்க்காமல் எங்கை போறது!

மார்ச் 23
பங்குனி உத்தரம். நேற்று வேலை முடிந்து வரும்போது, கிணற்றடியில் தனியாக நிற்கும் சின்னச் செரியில் ஒரு பூ விடாமல் பிடுங்கி வந்தேன். அது வேறு இனம், பழம் சின்னது, விலைபோகாது. அல்பெர்கேரியாப் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் அறையில், படத்து முருகன் பூவுக்குள் மூழ்கிப்போனார். என் மனிசனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

மார்ச் 24
நான் என்னத்தைச் செய்துபோட்டன்! சிஞ்ஞோரா கிணற்றடியில் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றா. அந்த இருபதும் தங்கள் மகரந்தத்தில் காய்க்காதாம். தேனீ இந்த மரத்தின் மகரந்தத்தைக் கொண்டுபோனால்தான் காய். அதற்காகவே நட்டதாம். ஆண்பனை மாதிரி! பனையைத் தெரிஞ்ச எனக்கு இது தெரியேல்லையே. சாமிக்குத்தானே பிடுங்கினன்... சாமியே, இனி நீ பார்.

பிடுங்கினது நான்தான் என்று அவவிடம் சொல்லிவிட்டேன். காணியை வித்துப்போட்டு மிலானோவுக்குப் போய்விடுவாவோ என்று பயமாக இருக்கிறது.

மார்ச் 25
கீழ்வீட்டு ஸ்ரெல்லாவிடம் அழுதேன். அவள் வேலை செய்கிற வீட்டில் அதே கிணற்றடி இனம் பூத்து நிற்கிறதாம்! வீட்டுக்காரரைக் கேட்டு, கொப்புக் கொப்பாக வெட்டித் தந்தாள்.

"உங்கட முருகன் எடுத்ததை எங்கட அந்தோனியார் குடுக்கவேண்டிக் கிடக்கு, அக்கா."

பஸ்ஸில் ஒரு கிழவர் கலியாணமோ என்று கேட்டார். வாளிகளில் தண்ணீர் விட்டுக் கொப்புகளை மரங்களுக்கு நடுவே வைத்தோம். "பழைய ஆக்கள் இப்பிடிச் செய்யிறவை" என்று சிஞ்ஞோராவும் ஒரு வாளி தூக்கி வந்தா.

மார்ச் 26
தேனீ வருகுது! வருகுது!

ஏப்ரல் 12
பச்சைப் பிஞ்சு. மிளகளவு. எண்ணத் தொடங்கி முதல் மரத்திலேயே விட்டுவிட்டேன்.

மே 11
முகில் கறுக்கிறது. பெய்யாதை, பெய்யாதை.

மே 16
பெய்யவில்லை! விடியவே தொடங்கினோம். காம்போடு பிடுங்கவேண்டும், காம்பு கழன்றால் பழம் கெதியில் பழுதாகும். இருபத்தாறு பெட்டி. கபோவில் வேறு ஒருவரிடமும் செரி இல்லை, பத்து மணிக்கு முன்னரே முடிந்துவிட்டது. சந்தைக்கு நடுவில் வைத்துச் சிஞ்ஞோரா என் வாயில் ஒரு பழத்தைத் தீத்தினா.

மே 27
பெர்மெசோ புதுப்பிக்கிற பொலிஸ் கந்தோரில், குவெஸ்தூராவில், வேலைக் கடிதத்தைக் கொடுத்தேன். சிஞ்ஞோரா இரண்டு வருசத்துக்கு எழுதியிருக்கிறா. போன கடிதத்தில் 'வீட்டு வேலை' என்றிருந்த இடத்தில் இப்போது 'தோட்டப் பொறுப்பு' என்று இருக்கிறது. என் மனிசனுக்கு இத்தாலியன் வாசிக்கத் தெரியாது. பிரதியை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.