இருபது விநாடி

காக்ஸ் டவுன், பெங்களூர்
19 ஜூன் 2005

க்ளென்,

‘அன்புள்ள’ எழுதக் கை வரவில்லை. அடுத்த கடிதத்தில் பார்க்கலாம். போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீ சொல்லிவிடுவாய். அதனால்தான் புனேவுக்குத் தபால்.

நீ திருத்தி அனுப்பிய சி.டி. வந்தது. என் பன்னிரண்டு கணக்குப் பாடங்களையும் என்ன செய்து வைத்திருக்கிறாய்?

பீன்யா தொழிற்பேட்டைத் தொழிலாளர்கள் போகும் பிரவுசிங் சென்டர்களில் வீடியோ நகராது, குரலும் ஸ்லைடும் போதும் என்று நான் சொன்னதற்கே ஒரு மாதம் சண்டை போட்டாய். பிறகு மைக்கையும் மென்பொருளையும் நீயே தேர்ந்தெடுத்தாய். சரி என்றேன். மின்விசிறியை நிறுத்தி, சன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, மே மாதம் முழுக்க வியர்வையில் உட்கார்ந்து பதிவு செய்தேன். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் இருபது விநாடி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். கேட்பவர் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காக.

அவ்வளவையும் வெட்டி எறிந்திருக்கிறாய்.

நம் முதல் மாணவர் ஞானசேகரன் நேற்று அந்த சி.டி.யைப் போட்டுக் கேட்டார். லேத் ஓட்டுகிறவர். செப்டம்பரில் கம்பெனித் தேர்வு எழுதி அளவு பார்க்கும் பிரிவுக்குப் போக நினைப்பவர். முதல் பாடம் முடிந்ததும் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார். “கேள்வி கேக்கறீங்க டீச்சர், நான் பேனா மூடியத் தொறக்கறதுக்குள்ள பதிலயும் நீங்களே சொல்லிடறீங்க. ஊர்ல எங்க வாத்தியாரும் அப்படித்தான். அதான் ஒம்பதாவதோட நின்னுட்டேன்.”

அந்த வாத்தியாராக என்னை நீ ஆக்கிவிட்டாய். ஹார்ட் டிஸ்க்கையே கழற்றிக் கொடுத்தேன், என்னிடம் நகல் இல்லை. மூலப் பதிவுகளை உடனே அனுப்பு.

ஜூலியா


புனே
27 ஜூன் 2005

என் செல்லக் கோபக்கார ஜூலி,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்துச் சிரித்தேன். திட்டுவதைக்கூட எவ்வளவு அழகாக எழுதுகிறாய்!

நாற்பது நிமிடப் பாடம் இருபத்து மூன்று நிமிடமாகியிருக்கிறது. என் மேனேஜர் கேட்டுவிட்டு “செம ப்ரொஃபஷனல்” என்றார். அந்த மென்பொருளை வாங்கியதே இதற்காகத்தான். ஒரே சொடுக்கில் வெற்றிடமெல்லாம் போய்விடும். ஒன்றுமே இல்லாததை யார் உட்கார்ந்து கேட்பார்கள்? நேரம் வேண்டுமென்றால் உன் ஞானசேகரன் நிறுத்தும் பட்டனை அழுத்தட்டுமே. லேத் ஓட்டுகிறவருக்கு ஒரு பட்டனா பெரிது?

மூலப் பதிவுகள் இல்லை, ஜூலி. அவற்றின் மேலேயே சேமித்துவிட்டேன். டிஸ்க்கில் இடமில்லை. உன்னைக் கேட்டிருக்கலாம். ஆனால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாதா?

நம் கல்யாண அறிவிப்பு ஓலையைக் கோயில் பூசையில் வாசிப்பதற்கு முன் ஃபாதர் என் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டாராம், அம்மா சொன்னாள். இத்துடன் வைத்திருக்கிறேன், கொடுத்துவிடு. அதை வாசிக்கும் மூன்று ஞாயிறும் நான் அங்கே இருக்க முடியாததுதான் வருத்தம்.

முத்தங்களுடன்,
உன் க்ளென்


காக்ஸ் டவுன்
24 ஜூலை 2005

அன்புள்ள க்ளென்,

சொன்னபடி எழுதிவிட்டேன். கோபம் தணிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதே.

‘நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாதா?’ ஆறு வருடமாக இதை அன்பு என்று நினைத்திருந்தேன். ஓட்டலில் எனக்கு என்ன பிடிக்கும் என்று சர்வரிடம் நீதான் சொல்வாய். மைசூர் பள்ளி வேலைக்கு நான் போக மாட்டேன் என்று என் தலைமையாசிரியையிடம் சொன்னதும் நீதான். நான் போயிருப்பேன், க்ளென். யாரும் என்னைக் கேட்கவில்லை.

நீ சொன்ன பட்டனை ஞானசேகரனிடம் காட்டினேன். சுட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். “பாடம் நடத்தறவங்கள நடுவுல நிறுத்துன்னு சொன்னா மரியாதையா டீச்சர்?” என்றார். உன் மேனேஜருக்கு இது புரியாது.

எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போய் ஒரு சாதாரண ஹெட்செட் வாங்கினேன். இலவசமாகக் கிடைக்கிற ஒரு மென்பொருளைப் பள்ளிக் கம்ப்யூட்டர் டீச்சர் சிரில் போட்டுக் கொடுத்தார். பதிவு செய்யவும் சேமிக்கவும் தெரிந்தால் போதும். வெற்றிடத்தை நீக்கும் வசதி அதிலும் உண்டு. நான் அந்தப் பக்கமே போகவில்லை. பன்னிரண்டு பாடங்களையும் முதலிலிருந்து பேசினேன். உன் மைக் நல்ல மைக், என் குரலைத் தவிர எதையும் எடுக்காது. இது மழை, பஸ் ஹாரன், என் வளையல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. வெட்கமாக இருந்தது. இருந்தாலும் ஞானசேகரனிடம் கேட்கக் கொடுத்தேன்.

நாற்பது மில்லிமீட்டர் கம்பியில் எட்டில் மூன்று பங்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டு என் குரல் நின்றது. ஞானசேகரன் உதடு அசையக் கணக்குப் போட்டார். நேரம் முடிவதற்குள் பதினைந்து என்று எழுதிப் பேனாவைக் கீழே வைத்தார். “வளையல் சத்தம் வருது. நீங்க காத்துக்கிட்டு இருக்கறது எனக்குக் கேக்குது டீச்சர்” என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதேன். உன்மேல் கோபத்தில்தான்.

உன் சான்றிதழை நான் ஃபாதரிடம் கொடுக்கவில்லை. அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. முதல் ஓலை இன்று வாசிக்கப்படவில்லை. உன் அம்மாவிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன்.

உன்னிடம் ஒரே கேள்வி. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாமல் இருக்க உன்னால் முடியுமா?

உடனே எழுதாதே. இதற்கு இருபது விநாடி போதாது. செப்டம்பர் மாதா திருவிழா வரை எடுத்துக்கொள். அதுவரை நான் போன் செய்ய மாட்டேன், கடிதமும் போட மாட்டேன். நான் பேசாமல் இருக்கும் அந்த நாட்களை மட்டுமாவது வெட்டாமல் கேள்.

ஜூலியா