இரண்டாவது ஓட்டை

காஜா பேராங், மலாக்கா
17-3-1952

விஜயாவின் அப்பாவுக்கு, சாரதாம்பாள் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு நானும் பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். தடுப்புக் காவல் முகாமில் உங்கள் இருமல் குறைந்ததா? போன கடிதத்தில் நான்கு வரியைக் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். விளக்கில் பிடித்துப் பார்த்தும் தெரியவில்லை. இருமல் விஷயம்தானோ என்று கவலையாக இருக்கிறது.

விஜயா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து மலாய்தான் பேசுகிறாள். நான் தமிழில் திட்டினால் மலாயில் பதில் சொல்கிறாள். அப்பா எங்கே என்று யாராவது கேட்டால் வேலைக்குப் போயிருக்கிறார் என்கிறாள். நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

காதர் மைதீன் முதலாளி கடையில் நீங்கள் நின்ற இடத்தில் இப்போது நான் நிற்கிறேன். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குச் சாமான் போய்விடக் கூடாதென்று, பால் டின்னானாலும் மீன் டின்னானாலும் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும் என்ற சட்டம் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் ஆணியும் சுத்தியலும் என் கையில்.

மூன்று கடிதமாக உங்களை நான் அரித்தெடுத்துவிட்டேன். தோட்டத்து அஞ்சலைக்கு விற்ற பால் டின்னில் ஓட்டை போட மறந்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவதாக அதிகாரி சொல்கிறார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும், எழுதிவிடுங்கள் என்று கெஞ்சினேன். பிள்ளை ஏங்குகிறாள் என்றும் எழுதினேன். நீங்களோ, மறக்கவில்லை, ஓட்டை போட்டால் அவள் கைக்குழந்தைக்கான பால் கெட்டுப்போகும் என்று தெரிந்துதான் விட்டேன் என்று ஒரே பிடியாக நிற்கிறீர்கள். உங்கள் மேல் எனக்கு ஆத்திரம்தான். அதைவிட ஆத்திரம் அஞ்சலை மேல். சாலைத் தடுப்பில் டின் பிடிபட்டதும் கடைப் பெயரைச் சொன்னவள் அவள்தானே.

போன மாதம் அவள் கடைக்கு வந்தாள். புக்கிட் பாரு பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வந்திருந்தாள். காய்ச்சலில் அவளுக்குப் பால் வற்றிப்போனது உங்களுக்குத் தெரியும். என் முகத்தைப் பார்க்காமல் ஒரு டின் கேட்டாள். சட்டத்துக்கு ஒரு ஓட்டை போதும். நான் இரண்டு போட்டேன். இரண்டாவது என் ஆத்திரத்துக்காகப் போட்டது. ஆணி உள்ளே இறங்கியபோது மனசுக்கு இதமாகக்கூட இருந்தது. முதலாளியிடம்கூட இதைச் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தாள். இடுப்பில் பிள்ளை இல்லை. டின்னைத் துணியால் கட்டித் தண்ணீர்த் தட்டில் வைத்தும் எறும்பும் ஈயும் விடவில்லையாம். இன்னொரு டின் வாங்க வழியில்லாமல் அதையே கரைத்துக் கொடுத்திருக்கிறாள். வயிற்றுப்போக்கு. இரண்டு நாள்தான் பிள்ளை உயிரோடு இருந்ததாம்.

திட்டட்டும் என்று நின்றேன். அவள் திட்டவில்லை. "அண்ணே இருந்திருந்தா ஓட்ட போட்டிருக்க மாட்டாருக்கா" என்றாள். வெறுங்கையோடு வந்தது உங்களைப் பற்றி விசாரிக்கத்தான். தன்னால்தானே உங்களுக்கு இந்தக் கதி என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் போட்ட இரண்டாவது ஓட்டையை அவளிடம் மறைத்துவிட்டேன். அன்றிலிருந்து விஜயாவுக்குப் பால் கலக்கும்போதெல்லாம் பிள்ளையில்லாத அவள் இடுப்புதான் கண்ணில் நிற்கிறது.

இந்தக் கடிதத்தை முதலில் படிக்கும் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். மேலே எதை அடித்தாலும் அடியுங்கள். கீழே இருப்பதை மட்டும் அவர் கண்ணில் படும்படி விட்டுவிடுங்கள்.

மறந்துவிட்டேன் என்று எழுதாதீர்கள். இனி பிள்ளையைச் சொல்லி உங்களை இழுக்க மாட்டேன். நீங்கள் இல்லாமல் எத்தனை வருஷம் தாங்குவேன் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் எழுதாதீர்கள். மாரியம்மன் உங்களுக்குத் துணை இருக்கட்டும். இருமலுக்கு வெந்நீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.

உங்கள் காலைத் தொட்டு,
சாரதாம்பாள்