சத்தியம் பண்ணாத இரண்டு பேர்

தென்காசி
1932, மாசி மாதம்

சிரஞ்சீவி நம்பிராஜனுக்கு அம்மா ஆசி கூறி எழுதுவது. இங்கே நான் சுகம், பசு சுகம், உன் அப்பா பாளையங்கோட்டை ஜெயிலில் சுகம். ரங்கூனில் நீ சுகமா என்று எழுது. பதறாதே, முழுக்கப் படி.

சாமியைக் கட்டிக்கொண்டு அழுகிற நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்காது என்று நீ எழுதியதும், சாமி இல்லை என்கிறவன் எனக்குப் பிள்ளையும் இல்லை என்று அவர் உன்னோடு பேச்சை நிறுத்தியதும் எட்டு மாதக் கதை. நடுவில் கிடந்து சீரழிகிறவள் நான். இப்போது நடந்ததைக் கேள். ஊரில் கூட்டம் போடக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. காவடிக்குத் தடை இல்லையே என்று உன் அப்பாவுக்கு மூளை வேலை செய்தது. குற்றாலத்தில் குளித்துக் காவடி எடுத்து, இலஞ்சிக் குமாரர் கோயில் வாசலில் போய்ப் பேசுவதாகத் திட்டம். பேச ஆள் யார்? உன் சிநேகிதன் சிவசைலம்தான், உன்னைப் போலவே சாமி இல்லாதவன். பெரிய பேச்சாளி என்று பெயரெடுத்தவன், போலீஸ் கண்டால் வழியிலேயே மடக்கிவிடும். அதனால் அவனுக்குக் காவி கட்டி, பட்டை பட்டையாகத் திருநீறு பூசி, வாய்ப்பூட்டு வேண்டுதல் என்று வாயில் மஞ்சள் துணியைக் கட்டிவிட்டோம். வாய் கட்டின சாமியிடம் எந்தப் போலீஸ் பேர் கேட்கும்? கட்டியது நான்தான். நம் வீட்டில் உட்கார்ந்து அவன் பேசிய பேச்செல்லாம் ஞாபகம் வந்ததால் கொஞ்சம் இறுக்கியே கட்டினேன்.

வழியில் ஏட்டு உச்சிமாகாளி நின்றார். பிடிபட்டோம் என்றே நினைத்தேன். அவரோ தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிவசைலம் காலில் விழுந்து, "சாமி, எம் பொண்டாட்டிக்கு இது ஒம்பதாம் மாசம், நல்லபடியாப் பெத்துப் பொழைக்கணும், துன்னூறு குடுங்க" என்றார். அவன் மரமாக நின்றான். முதுகில் ஒரு கிள்ளு கிள்ளினேன், கொடுத்துவிட்டான்.

கோயில் வாசலில் வாய்க்கட்டை அவிழ்த்து அரை மணி நேரம் பேசினான், ஜனம் இடத்தைவிட்டு அசையவில்லை. அப்புறம் அவனையும் உன் அப்பாவையும் பிடித்துக்கொண்டு போனார்கள். மாஜிஸ்திரேட் பக்திமான். கூட்டம்தான் குற்றம், காவடி குற்றமில்லை, வேண்டுதல் காவடிதான் என்று இரண்டு பேரில் ஒருவர் குமாரன்மேல் சத்தியம் பண்ணினால் விட்டுவிடுகிறேன் என்றார். உன் அப்பா, "குமாரன் பேரச் சொல்லிப் பொய் சொல்லமாட்டேன்" என்றுவிட்டார். சாமி இல்லாதவனுக்கு என்ன வந்தது என்று சிவசைலத்தைப் பார்த்தேன். "இல்லாத சாமிமேல எப்படிச் சத்தியம் பண்ண?" என்கிறான். ஆளுக்கு ஆறு மாதம். என்னைக் கேட்டிருந்தால் கற்பூரத்தை அணைத்துச் சொல்லிவிட்டு, குமாரனிடம் அப்புறம் சமாதானம் பேசியிருப்பேன். பெண்பிள்ளையை யார் கேட்கிறார்கள். இப்போது இரண்டு பேரும் ஒரே அறையில், சாமி உண்டா இல்லையா என்று விடிந்ததிலிருந்து சண்டையாம்.

போன வாரம் உன் அப்பாவைப் பார்க்கப் போனேன். இளைத்திருக்கிறார், எனக்கு அழுகை வந்துவிட்டது. மாதத்துக்கு ஒரு கடிதம்தான் வாங்கலாமாம். நான் எழுத வேண்டாமாம். "அந்த ஒண்ண அவன எழுதச் சொல்லு. சாமியத் திட்டி எழுதினாலும் சரி, அவன் கையெழுத்தா இருக்கணும்" என்றார்.

சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. தபால் வந்துசேரப் பத்து நாளுக்கு மேலாகும், இன்றைக்கே எழுது. நூறு வயது நல்லா இரு.

உன் அம்மா
முப்பிடாதியம்மாள்